அந்தியை ஓர் அறைக்குள் கட்டுவது

மந்தைவெளியிலிருந்து ஒரு வாசகி கடிதம் எழுதியிருக்கிறார். அவருடைய மகளுக்கு ஓவியக் கல்லூரியில் கடைசி வருடம். பொழுது சாயும்போது வீட்டுக்குப் போய்விட வேண்டும் என்று மனசு அடித்துக்கொள்கிறதே, அதையே கருவாக வைத்து ஒரு நிறுவல் கலைப் படைப்பு செய்யப்போகிறாளாம். பழைய ஜன்னல் கதவு, ஒயர்ச் சுருள், காமாட்சி விளக்கு, சணல் சாக்கு என்று வீட்டுக் கூடம் நிறைந்துவிட்டதாம். இவ்வளவு சாமானையும் வைத்துக்கொண்டு அவள் படிப்பது என்ன என்று அம்மா கேட்கிறார். அந்தக் கூடத்தில் இப்போது ஒளியின் இயற்பியலும் கண்ணின் உடலியலும் மூக்கின் விசித்திரங்களும் சேர்ந்து கிடக்கின்றன என்பது என் பதில். மகளும் படிப்பாள் என்ற நம்பிக்கையில் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

நிறுவல் கலை என்றால் என்ன என்று அடியிலிருந்து தொடங்கப் போவதில்லை. 2012 முதல் கொச்சியில் நடக்கும் பினாலே என்ற கலை விழாவுக்கு ரயிலேறிப் போய்வந்த சென்னைக்காரர்கள் நிறையப் பேர். பார்ப்பவர் எதிரே நிற்காமல் உள்ளே நுழைந்து நடமாடும்படி அமைத்த படைப்பு என்ற அளவில் புரிந்திருந்தால் போதும்.

வீட்டை நினைத்து ஏங்குவதைக் கலைஞர்கள் பலவிதமாகக் கட்டியிருக்கிறார்கள். கொரியாவில் பிறந்த டோ ஹோ சூ, தான் வளர்ந்த சியோல் வீட்டை மெல்லிய பட்டுத்துணியில் தைத்து 1999இல் லாஸ் ஏஞ்சலிஸில் தொங்கவிட்டார். கதவும் சட்டமும் கூரையும் துணிதான். அவிழ்த்து மடித்தால் பெட்டியில் அடங்கிவிடும். ஜப்பானியரான சிஹாரு ஷியோட்டா 2015 வெனிஸ் பினாலேவில் 50,000க்கும் மேற்பட்ட சாவிகளைச் சிவப்பு நூலில் கட்டி இரண்டு பழைய படகுகளுக்கு மேல் தொங்கவிட்டார். யார் யாரோ எந்தெந்த வீட்டையோ திறந்த சாவிகள் அவை.

தமிழில் இதைச் செய்தவர்களில் என் மனத்துக்கு நெருக்கமானவர் யாழ்ப்பாணத்துக் கலைஞர் தாமோதரம்பிள்ளை சனாதனன். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கலை வரலாறு கற்பிப்பவர். 1981இல் எரிக்கப்பட்டுப் பின்னர் புதுப்பிக்கப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகத்தில், 2004இல் 'அகம் புறம்' என்ற கண்காட்சி நடந்தது. அதற்காக அவர் ஊர்க் குடும்பங்களிடமிருந்து அன்றாடப் பொருள்களைத் திரட்டினார். அருங்காட்சியகம் திரும்பிப் பார்க்காத, வீட்டுக்குள் மட்டுமே மதிப்புள்ள பொருள்கள். ஏழாண்டு கழித்து 2011இல் அவருடைய நூல் ஒன்று வந்தது. போரால் வீட்டை விட்டுப் போன 80 பேர், தமிழரும் முஸ்லிம்களும், தாங்கள் விட்டுவந்த வீட்டின் தளத்தை நினைவிலிருந்து தங்கள் கையாலேயே வரைந்தார்கள். அந்தக் கோடுகள் கட்டடக் கலை வரைபடமாகவும் மாற்றப்பட்டன. இரண்டோடும் சனாதனனின் ஓவியமும் சேர்ந்துகொண்டது. போர்த்துக்கீசரும் ஒல்லாந்தரும் நிலத்தைப் பதிந்து வைத்த ஏட்டுக்கு இலங்கையில் தோம்பு என்று பெயர். முற்றுப்பெறாத தோம்பு என்று பொருள்படும் ஆங்கிலத் தலைப்பை அந்த நூலுக்கு வைத்தார். பதிவேட்டில் இல்லாமல்போன வீடுகளுக்கு அவர் தந்த பதிவேடு அது.

துணி, சாவி, வரைபடம் என்று வீட்டை எப்படியாவது ஓர் அறைக்குள் கொண்டுவந்துவிடலாம். அந்தியைக் கொண்டுவருவது எப்படி? அதைச் சாக்கில் கட்டித் தூக்கிவர முடியாது. மண்டைக்கு வேலை அங்கேதான்.

இந்தப் பொருளைக் கையில் எடுக்கும் மாணவர்கள் பலரும் முதலில் ஆரஞ்சு விளக்கைத்தான் தேடுகிறார்கள். புரொஜெக்டரில் ஒரு சூரிய அஸ்தமனம், பின்னணியில் புல்லாங்குழல். எனக்கு அது அந்தியாகத் தோன்றுவதில்லை. சென்னையில் சூரியன் கடலில் விழுவதில்லை. பெசன்ட் நகரில் நின்றால் அது முதுகுக்குப் பின்னால், கிண்டி வேளச்சேரிக் கட்டடங்களுக்கு அப்பால் எங்கோ மறைகிறது. நம்மை வீட்டுக்கு இழுப்பது அதற்குப் பிறகு வரும் சில நிமிடங்கள். பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் சூரியன் ஏறக்குறையச் செங்குத்தாக இறங்குவதால் நம் அந்தி மிகக் குறுகியது. சூரியன் மறைந்ததிலிருந்து தெருவிளக்கு கட்டாயம் தேவைப்படும் வரை 21 முதல் 23 நிமிடம். இலண்டனில் கோடையின் நடுவே அதுவே முக்கால் மணி நேரத்தைத் தாண்டும். அந்தச் சில நிமிடங்களில் கடலைப் பார்த்து நில்லுங்கள். தொடுவானத்திலிருந்து சாம்பல் கலந்த நீலப் பட்டை ஒன்று மெல்ல மேலே வரும், அதன் தலைமேல் இளஞ்சிவப்பு ஓரம் இருக்கும். அந்தச் சாம்பல்நீலம் பூமியின் நிழல். நாம் நிற்கிற இந்த உருண்டையின் நிழல் காற்று மண்டலத்தின்மேல் விழுந்து எழும்புகிறது. சுண்டல் வாங்கிக்கொண்டு திரும்பி நிற்கிற கூட்டத்தில் அதை எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று எனக்குக் கவலையாக இருக்கும்.

தலைக்கு மேலே அப்போது வானம் ஆழ்ந்த நீலமாகிறது. பகல் நீலத்துக்குக் காரணமான ஒளிச்சிதறல் மட்டுமே இருந்தால் அந்தி வானத்தின் உச்சி சாம்பலும் மஞ்சளுமாக வெளிறிப்போயிருக்கும். மேலே உள்ள ஓசோன், சாய்ந்து நெடுந்தூரம் வரும் ஒளியிலிருந்து ஆரஞ்சுப் பகுதியை உறிஞ்சிக்கொள்வதால்தான் அந்த நீலம். 1953இல் எட்வர்ட் ஹல்பர்ட் என்ற அமெரிக்க இயற்பியலாளர் கணக்கிட்டுக் காட்டிய விஷயம் இது. ஆகவே, மகளே, அறையைச் சுற்றி நீலத்தைப் பரப்பு. மஞ்சள் ஒளி ஒரு மூலையில், ஒரு ஜன்னல் கதவின் இடுக்கில், கையகலம் இருந்தால் போதும். நீலம் சூழ்ந்திருக்கும்போது அந்த மஞ்சள் இன்னும் கனிந்து தெரியும். தூரத்தில் தெரியும் அந்தச் சிறு வெளிச்சத்துக்குத்தான் வீடு என்று பெயர்.

இனி என் மனத்துக்கு மிகப் பிடித்த விநோதத்துக்கு வருகிறேன். அந்தி வேளையில் வெளிச்சம் மட்டுமா குறைகிறது? பார்க்கிற கண்ணே மாறிவிடுகிறது.

விழித்திரையில் இரண்டு வகை உணர்செல்கள் உள்ளன. கூம்புகள் ஏறத்தாழ 60 லட்சம்; பகலில் வண்ணம் பார்ப்பவை. கோல்கள் ஏறத்தாழ 12 கோடி. மங்கிய ஒளியில் வேலை செய்பவை, வண்ணம் அறியாதவை. பகலில் நம் கண் அதிகம் உணர்வது 555 நானோமீட்டர் அலைநீளத்தை, அதாவது மஞ்சள் கலந்த பச்சையை. கோல்கள் பொறுப்பேற்றதும் அந்த உச்சம் 507 நானோமீட்டருக்கு, நீலம் கலந்த பச்சைப் பக்கம் நகர்ந்துவிடுகிறது. இதனால் சிவப்பு முதலில் கறுக்கிறது, நீலமும் பச்சையும் சற்று நேரம் துலங்கி நிற்கின்றன. செக் நாட்டு உடலியலாளர் யான் புர்க்கின்யே 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பூக்களைப் பார்த்தே இதைக் கண்டுபிடித்தார். இன்றும் இந்த மாற்றத்துக்கு அவர் பெயர்தான்.

மயிலாப்பூர் வடக்கு மாடவீதியில் ஒரு மாலை மின்சாரம் போன வேளையில் நான் இதைக் கண்ணெதிரே பார்த்தேன். பூக்கூடைகளில் ரோஜாவும் செவ்வரளியும் கரிக்கட்டியாகிவிட்டன. கனகாம்பரம் மங்கிப் பழுப்பாகியது. மல்லி மட்டும் தானே ஒளிவிடுவது போல நின்றது. மல்லியும் முல்லையும் பொழுது சாய்ந்து மலர்வதும் வெள்ளையாக இருப்பதும் சும்மா வாய்த்ததல்ல. இருட்டில் பறந்து வரும் அந்துப்பூச்சிகள் தேடிவர வேண்டிய பூக்கள் அவை. மல்லியை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடும் நமக்கும் அந்தப் பூச்சிகளுக்கும் வழிகாட்டுவது ஒரே வெளிச்சம்.

இப்போது, வண்ணம் மறைவதைச் செயற்கையாகச் செய்துகாட்டிய ஒருவர். ஒலாஃபுர் எலியாசன் என்ற டேனிஷ்-ஐஸ்லாந்தியக் கலைஞர், 2003 அக்டோபரில் இலண்டன் டேட் மாடர்ன் அருங்காட்சியகத்தின் பெருங்கூடத்தில் ஒரு சூரியனைத் தொங்கவிட்டார். ஒளிபுகும் அரைவட்டத் திரைக்குப் பின்னால் ஏறத்தாழ 200 விளக்குகள். கூரை முழுதும் கண்ணாடி பதித்திருந்ததால் பிம்பம் சேர்ந்து அரைவட்டம் முழுவட்டமாகியது. கூடத்தில் மெல்லிய மூடுபனியும் பரவியிருந்தது. மறு ஆண்டு மார்ச்சில் முடிவதற்குள் 20 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வந்துபோனார்கள். முன்பின் தெரியாதவர்கள் தரையில் பக்கத்தில் பக்கத்தில் படுத்துக்கொண்டு மேலே தெரியும் தங்கள் நிழலுருவைத் தேடினார்கள்.

அந்த விளக்குகள் ஒற்றை நிறம் மட்டும் உமிழ்பவை. சோடியம் அணுவைத் தூண்டினால் அது பெரும்பாலும் 589 நானோமீட்டரை ஒட்டிய மஞ்சளையே தரும். தாழ்ந்த அழுத்தச் சோடியம் விளக்கில் வேறு நிறம் ஏறக்குறைய இல்லை. வண்ணம் அறிவதற்கு மூன்று வகைக் கூம்புகளும் வெவ்வேறு அலைநீளங்களை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். ஒரே அலைநீளம் வந்தால் எதை எதனோடு ஒப்பிடுவது? அரக்குப் புடவை, கிளிப்பச்சை ரவிக்கை, நெற்றிக் குங்குமம் எல்லாம் கூடுதல் கருமை, குறைந்த கருமை என்று மட்டுமே தெரியும். பழைய புகைப்படத்துக்குள் நாமே நுழைந்துவிட்டது போலிருக்கும். அந்தி கண்ணை மாற்றி வண்ணத்தைப் பறிக்கிறது, எலியாசன் ஒளியை மாற்றிப் பறித்தார். நம் சென்னைத் தெருக்களில் பல ஆண்டுகள் எரிந்த சோடியம் விளக்குகள் உயர் அழுத்த வகை. அவற்றில் கொஞ்சம் மற்ற நிறங்களும் கலந்திருந்தன, அதனால்தான் அவை பொன்னிறமாக இருந்தன. தாழ் அழுத்த விளக்கு இப்போது கிடைப்பது அரிது. 590 நானோமீட்டரில் ஒளிரும் அம்பர் எல்இடி ஏறக்குறைய அதே வேலையைச் செய்யும். ரிச்சி தெரு மின்னணுக் கடைகளில் விசாரிக்கலாம்.

அங்கே போகும்போது இன்னொன்றும் கவனத்தில் இருக்கட்டும். குண்டு பல்பை டிம்மரில் குறைத்தால் இழையின் சூடு தணிந்து ஒளி சிவந்துகொண்டே போகும். அடுப்பு அணைவதும் அப்படித்தான், பொழுது சாய்வதும் அப்படித்தான் என்பதால் நமக்கு அது இயல்பாகப் படும். சாதாரண எல்இடியைக் குறைத்தால் அதே வெள்ளை மங்கலாகுமே தவிர சிவக்காது. பார்ப்பவருக்குக் காரணம் தெரியாமலே ஒரு பொய் உறுத்தும். மஞ்சள் பட்டி ஒன்று, வெள்ளை அல்லது நீலப் பட்டி ஒன்று என்று இரண்டைப் பதித்து, ஒன்றைத் தணித்து மற்றொன்றை உயர்த்தும்படி ஒரு சிறு கட்டுப்பாட்டுப் பலகையில் நிரல் எழுத வேண்டும். இருபத்திரண்டு நிமிடத்துக்கு எழுது. சென்னை அந்தியின் அளவு அது.

பார்க்க வருபவர் இருபத்திரண்டு நிமிடம் நிற்பாரா என்பதுதான் சிக்கல். வெயிலிலிருந்து நேராக வந்தவரின் கண்ணுக்கு மங்கிய அறையில் எதுவும் தெரியாது. கூம்புகள் பழகவே ஐந்திலிருந்து பத்து நிமிடம் ஆகும். கோல்கள் முழுதாக விழித்துக்கொள்ள அரைமணி நேரம் வேண்டும். இதற்கு விடை நம் ஊரிலேயே இருக்கிறது. சிறுவயதில் அம்மா கையைப் பிடித்துக்கொண்டு கபாலீசுவரர் கோயிலுக்குப் போகும்போது, வெளிப்பிராகாரத்து வெயில், மண்டபத்து நிழல், உள்ளே இன்னும் குறைந்த வெளிச்சம் என்று படிப்படியாக இருட்டுக்குள் இறங்குவோம். வரிசையில் நிற்கும் நேரத்தில் கண் தயாராகிவிடும். அப்போது ஒரு கற்பூரச் சுடர் போதுமானதாக இருக்கும். படைப்பின் வாசலில் வளைந்து வளைந்து போகும் ஓர் இருண்ட நடை வை. நடுவில் ஒரு பலகை போட்டு உட்காரவை. அந்தக் காத்திருப்பும் படைப்பின் பகுதிதான்.

மணத்தை மறக்க வேண்டாம். திருவண்ணாமலையில் பிறந்து சென்னைக் கவின் கலைக் கல்லூரியில் படித்த பெனிதா பெர்சியாள், 2014 கொச்சி பினாலேவில் குங்கிலியம், வெள்ளைப்போளம், பட்டை, கிராம்பு முதலியவற்றைக் குழைத்துச் சிலைகள் செய்து வைத்தார். கண்ணுக்குச் சிலை படுவதற்கு முன்பே மூக்குக்கு எட்டிவிடும் படைப்பு. மற்றப் புலன்களின் செய்தி மூளையின் தலாமஸ் என்ற நிலையத்தில் நின்றுதான் மேலே போகும். மணம் அங்கே காத்திராமல் நினைவையும் உணர்ச்சியையும் ஆளும் பகுதிகளுக்கு நேரே போய்விடுகிறது. விளக்கு வைக்கும் நேரத்துச் சாம்பிராணி நம்மைச் சட்டென்று பாட்டி வீட்டில் கொண்டுபோய் நிறுத்துவது இதனால்தான். ஆனால் மூக்கு சில நிமிடங்களில் மரத்துப்போகும். தொடர்ந்து புகைத்தால் வீண். விட்டுவிட்டு, மெலிதாக வர வேண்டும். மூடிய கூடத்தில் நெருப்பு வைக்க அனுமதி கேட்டுக்கொண்டு செய், அல்லது பொடியை லேசாகச் சூடாக்கும் தட்டைப் பயன்படுத்து.

மணத்தால் மாலையை அறிவது நமக்குப் புதிதுமல்ல. நெடுநல்வாடையில் மழை மூட்டத்தால் பொழுது தெரியாமல் போகிறது. தட்டில் பறித்து வைத்த பிச்சி அரும்புகள் அவிழ்ந்து மணப்பதைக் கொண்டு மாலை வந்துவிட்டது என்று பெண்கள் அறிகிறார்கள். இரும்பு விளக்கில் ஈரத் திரியைக் கொளுத்தி, நெல்லும் மலரும் தூவித் தொழுகிறார்கள். மூடிய வானம், ஒரு தட்டு, அரும்பு, காத்திருப்பு, விளக்கு: நிறுவல் கலைக்கு வேண்டிய எல்லாம் அதில் இருக்கிறது. முல்லைத் திணைக்கு மாலையைச் சிறுபொழுதாக வகுத்ததும், மாலை நேரத்தின் வேதனைக்கென்றே திருக்குறளில் 123ஆம் அதிகாரம் இருப்பதும் நம் பிள்ளைகளுக்குத் தேர்வு வினாக்களாக மட்டும் தெரிகின்றன. வருத்தம்தான்.

இன்னொரு வருத்தத்தையும் சொல்லியாக வேண்டும். உருவத்தைப் பார்ப்பதற்கல்லாமல், பகலா இரவா என்று உடலுக்குச் சொல்வதற்கென்று விழித்திரையில் சில செல்கள் இருக்கின்றன. நீல ஒளியை அவை அதிகம் உணரும். மாலையில் அந்த ஒளி குறைந்தால்தான் மெலடோனின் என்ற ஹார்மோன் சுரந்து உடல் ஓய்வுக்கு ஆயத்தமாகும். மாலையின் ஏக்கம் முழுவதையும் ஒரு சுரப்பியின் கணக்கில் எழுத நான் தயாராக இல்லை. ஆனால் அதற்கு உடம்பிலும் ஒரு வேர் உண்டு. தி.நகரில் ஆறரை மணிக்கு உஸ்மான் சாலையில் நின்றால் அந்தி என்று ஒன்று நடப்பதே தெரியாது. கடை முகப்புகளின் வெள்ளைப் பிழம்பு வானத்தை அழித்துவிடுகிறது. அங்கிருந்து மாம்பலம் ரயில் நிலையத்துக்கு விரைந்து, வீட்டுக்கு வந்து, 6500 கெல்வின் வெள்ளை விளக்கின் கீழ் உட்காருகிறோம். நம் உடலுக்குப் பொழுது சாயவே இல்லை. பெசன்ட் நகர், நீலாங்கரைக் கடற்கரையில் பொரிக்கும் பங்குனி ஆமைக் குஞ்சுகள், பிரகாசமான தொடுவானம்தான் கடல் என்று நம்பி, தெருவிளக்கை நோக்கி நகர்ந்துவிடுகின்றன. 1988 முதல் மாணவர் அமைப்பு ஒன்று இரவில் அந்தக் கரையை நடந்து முட்டைகளைப் பத்திரப்படுத்தி, குஞ்சுகளைக் கடலில் சேர்த்துவருகிறது. பிறந்த கரைப் பக்கமே முட்டையிடத் திரும்பும் உயிருக்கு வழியை மறைப்பது நம் விளக்குகள். விளக்கு வேண்டாம் என்று சொல்லவில்லை. கீழ்நோக்கி, மூடியிட்டு, மஞ்சள் சாயலில் வைத்தால் போதும். செலவும் பெரிதாகக் கூடாது.

கடைசியாக, வாசகிக்கும் மகளுக்கும் ஒரு வேண்டுகோள். நிறுவல் படைப்புக்கு ஆயுள் குறைவு. கண்காட்சி முடிந்த மறுநாள் ஆணியைப் பிடுங்கி, ஒயரைச் சுருட்டி, ஜன்னல் கதவை மறுபடி காயலான் கடைக்கே அனுப்பிவிடுகிறார்கள். இந்த நகரத்தில் மாணவர்கள் எத்தனையோ நல்ல படைப்புகளைக் கட்டியிருக்கிறார்கள். கட்டியவர்கள் நினைவில் தவிர வேறெங்கும் அவை இல்லை. சனாதனனின் 80 வீடுகளை நான் இங்கே உட்கார்ந்து படிக்க முடிவதற்குக் காரணம், அவை ஒரு நூலாக இருப்பதுதான். அறையின் தள வரைபடம், எந்த விளக்கு எந்த உயரத்தில், எந்த நிமிடத்தில் எவ்வளவு வெளிச்சம், சாம்பிராணி எத்தனை கிராம், யார் யார் உதவினார்கள் என்று ஒரு நோட்டில் எழுதிவை. படைப்பைப் பிரிப்பதற்கு முன் ஒரு முழு இருபத்திரண்டு நிமிடமும் வீடியோ எடு. அதன் ஒரு பிரதியைக் கல்லூரி நூலகத்தில் கொடு. வாங்க மறுத்தால் எனக்கு எழுது. நான் வந்து கேட்கிறேன்.